ஹேண்ட்பால் கோர்ட்: சுண்ணாம்பு போடுவதற்கு முன்

கடலூர் மஞ்சக்குப்பம் மாதிரி திறந்த மைதானத்தில் கிளப் போட்டி நடத்துபவர்கள் அதிகம் தவறுவது கோலைச் சுற்றி வளைந்து வரும் 6 மீட்டர் கோட்டில்தான்.

முதலில் செவ்வகம்: 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். மூலைவிட்டம் இரண்டும் 44.72 மீட்டர் வர வேண்டும். வரவில்லையென்றால் மூலை கோணல். அங்கேயே நிறுத்திச் சரிசெய்யுங்கள்.

கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். பலர் கோலின் நடுவில் முளை அடித்து 6 மீட்டர் கயிற்றால் அரைவட்டம் இழுத்துவிடுகிறார்கள். அது தப்பு. ஒவ்வொரு கம்பத்தின் உட்புறப் பின்மூலையிலிருந்தும் கால்வட்டம் போட்டு, நடுவே 3 மீட்டர் நேர்கோட்டால் இணைக்க வேண்டும். அப்போது வளைவு கோல் நடுவிலிருந்து 7.5 மீட்டரில் எல்லைக்கோட்டைத் தொடும். அரைவட்டம் போட்டால் 6 மீட்டரிலேயே தொட்டுவிடும். விங் ஆட்டக்காரர் (ஓரத்தில் ஆடுபவர்) ஒன்றரை மீட்டர் உள்ளே வந்துவிடுவார். பாவம், கோல்கீப்பர்!

9 மீட்டர் கோடு விட்டுவிட்டுப் போடும் துண்டுக் கோடு. துண்டும் இடைவெளியும் 15 சென்டிமீட்டர். பெனால்டி கோடு 7 மீட்டரில், 1 மீட்டர் நீளம். கோடுகள் 5 சென்டிமீட்டர் தடிமன், கம்பங்களுக்கு இடையில் மட்டும் 8.

மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால் சுண்ணாம்புத் தூள் பறக்கும். காலையிலேயே தண்ணீர் தெளித்து, ஈரமண்ணில் போடுங்கள்.

பந்து: ஆண்களுக்கு 3ஆம் அளவு, பெண்களுக்கு 2. கோலைத் தரையோடு இறுக்கிக் கட்டாமல் ஆட்டத்தைத் தொடங்கவே கூடாது. சாய்ந்தால் உயிருக்கே ஆபத்து.