சீட்டில் விடுபட்ட ‘ஆர்பிட்’

எனக்குக் கண்ணைச் சுற்றி நாள்பட்ட அழற்சி, கண் தசை சரியாக இழுக்கவில்லை, எதைப் பார்த்தாலும் ரெண்டு ரெண்டு. ஸ்கேனுக்காகத் தண்டையார்பேட்டையிலிருந்து அலைந்ததில் இரண்டு நாள் வீண். இரண்டுமே காகிதத்தால்.

முதல் தடவை டாக்டர் சீட்டில் ‘எம்.ஆர்.ஐ. மூளை’ என்றுதான் இருந்தது. ஸ்கேன் சென்டரில் எழுதியதை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். மூளைப் படம் இதற்குப் போதாது. ‘ஆர்பிட், கான்ட்ராஸ்ட், ஃபேட் சப்ரஷன், கொரோனல்’ நான்கும் சீட்டில் வேண்டும். ஆர்பிட் என்றால் கண்குழி, கான்ட்ராஸ்ட் என்றால் படம் தெளிய ஊசியில் ஏற்றும் மருந்து. கண்குழி முழுக்கக் கொழுப்பு. அதன் வெளிச்சத்தை அடக்கினால்தான் (அதுதான் ஃபேட் சப்ரஷன்) வீங்கிய தசை தனியாகத் தெரியும். கொரோனல், அதாவது முகத்துக்கு இணையான வெட்டில் இரு கண் தசைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

அடுத்த தடவை க்ரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட் இல்லையென்று கவுன்டரிலேயே திருப்பிவிட்டார்கள். கான்ட்ராஸ்ட் மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவது, கேட்டது நியாயம். தேதி கொடுத்தபோதே வாய் திறந்து சொல்லியிருக்கலாம்!

ரத்தப் பரிசோதனையில் தொல்லை இல்லை. தைராய்டு கோளாறோடு வரும் கண் நோயும் கண் தசையை வீங்க வைக்கும் என்பதால் எடுத்தவை: டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, தைராய்டு ரிசெப்டர் ஆன்டிபாடி. முடிக்காக பயோட்டின் சாப்பிடுபவர்கள் 2 நாள் முன்பே நிறுத்துங்கள், முடிவு தப்பாக வரும். டி.எஸ்.எச். நார்மல் என்பதற்காகத் தைராய்டு கண் நோய் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். தசை பருத்து அதன் நாண் ஒல்லியாகவே இருந்தால் சந்தேகம் தைராய்டு மேல். நாணும் வீங்கியிருந்தால் மயோசைட்டிஸ் (தசை அழற்சி) மேல். சாயங்காலம் ஆக ஆக இமை தொங்கினால் மயஸ்தீனியாவா (தசை சீக்கிரம் சோர்ந்துபோகும் நோய்) என்றும் கேளுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு வாங்கி விழுங்கிவிட்டு ஸ்கேனுக்குப் போகாதீர்கள். வீக்கம் வடிந்து நோயின் தடயமே மங்கிவிடும். பயாப்ஸி எடுத்தாலும் குழப்பம். டாக்டர் கொடுத்ததைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. ஸ்டீராய்டு சாப்பிடும்போது சர்க்கரை ஏறும், பார்த்துக்கொண்டே இருங்கள். பார்க்கும் பொருட்களின் நிறம் வெளிறித் தெரிந்தாலோ பார்வை மங்கினாலோ அடுத்த ஓ.பி.வரை காத்திருக்காமல் அன்றே ஓடுங்கள்.

‘தசை பலவீனம்’ என்கிறார்களே, பல நேரம் தசை இறுகிப்போய் கண்ணைக் கட்டி வைத்திருக்கும். கண் பயிற்சியால் அது இளகாது.

எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போக சென்ட்ரலில் மெட்ரோ மாறும்போது நகரும் படி இரண்டாகத் தெரியும், லிஃப்ட்தான் நல்லது. மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்க லென்ஸை மறைத்து மைக்ரோபோர் டேப் (காகித பிளாஸ்திரி) ஒட்டினால் இரட்டைப் பார்வை அந்த நொடியே போய்விடும். செலவு சில ரூபாய். ஆழம் கணிப்பது மட்டும் குறையும், வண்டி ஓட்டாதீர்கள். கண் விலகும் அளவு மாறிக்கொண்டிருக்கும் வரை லென்ஸில் ஒட்டும் பிரிசம் (இரண்டு பிம்பத்தை ஒன்றாக்கும் பிளாஸ்டிக் தகடு) போதும். விலையுயர்ந்த பிரிசம் கண்ணாடியும் கண் தசை அறுவை சிகிச்சையும் 6 மாதமாவது அளவு மாறாமல் நின்ற பிறகுதான். கண் அசைவை அளந்து வரையும் ஹெஸ் சார்ட்டை ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள். மாறவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.