மின் பாதுகாப்பு ஆய்வுத் தேர்வு: மெக்கரை எடுக்கும் முன் கண்ணால் பாருங்கள்

முடிவு வந்துவிட்டது, தேர்ச்சி. பெரிய நிம்மதி. படித்தது மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன். தேர்வு முறை உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை.

என்னைக் கரை சேர்த்தது ஒன்றே ஒன்றுதான். செய்முறையில் கருவியைத் தொடும் முன் கண்ணால் பார்க்க வேண்டியதை முழுதாகப் பார்த்து முடித்தேன். கட்டட மின் இணைப்புகளின் ஆய்வுக்கான சர்வதேசத் தரம் ஐ.இ.சி. 60364-6 சொல்வதும் அதுதான்: முதலில் பார்வை ஆய்வு, அப்புறம்தான் சோதனை. எல்லோரும் இதைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். உள்ளே போனதும் கை நேராக மெக்கருக்கு, அதாவது இன்சுலேஷனை அளக்கும் கருவிக்குப் போய்விடுகிறது. நான் போன பயிற்சி வகுப்பில் முழு நேரமும் கணக்கிலேயே கழிந்தது. ஒரு டி.பி.யை (மின்சாரத்தைப் பல சர்க்யூட்டுகளாகப் பிரிக்கும் பெட்டி) திறந்து வைத்து “என்ன தெரிகிறது, சொல்லுங்கள்” என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

எனக்கு வந்தது ஒரு கூட்ட அரங்கின் டி.பி. நியூட்ரல் பட்டையில் ஒரு திருகின் பக்கத்தில் மட்டும் வயரின் மேலுறை பழுப்பேறி மொறமொறவென்று இருந்தது. லூஸ் கனெக்‌ஷன், பல நாள் சூடு. அதற்கு மேலே 32 ஆம்பியர் எம்.சி.பி.யிலிருந்து (மின்சாரம் அளவு மீறினால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்) 2.5 சதுர மி.மீ. வயர் கிளம்பியது. வயர் சுற்றிப் போய் அதே எம்.சி.பி.க்கே திரும்பும் ரிங் சர்க்யூட்டோ என்று பார்த்தேன். இல்லை, ஒற்றை வயர்தான். ஓவர்லோடு ஆனால் எம்.சி.பி. விழுவதற்குள் வயர் சூடேறிக் கெட்டுவிடும். இந்த இரண்டையும் மெக்கர் காட்டாது, அதில் எண் அழகாகவே வரும்.

எம்.சி.பி. முகப்பில் இருக்கும் எழுத்தையும் படியுங்கள். பி32 என்றால் உடனே விழ 160 ஆம்பியர் வேண்டும். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் லூப் வரம்பு, அதாவது பழுது மின்சாரம் ஓடும் முழுச் சுற்றின் தடைக்கு உச்சம், 1.44 ஓம். வயர் குளிர்ந்திருக்கும்போது அளப்பதால் அதில் மூன்றில் இரண்டு பங்கு, 0.96. சி32 என்றால் 320 ஆம்பியர், வரம்பு 0.72, அளவீட்டுக்கு 0.48. நீங்கள் அளந்தது 0.8 ஓம் என்று வையுங்கள். பி-க்குப் போதும், சி-க்கு ஆகாது. பழுதுபார்க்க வந்தவர் பி-யைக் கழற்றிவிட்டு சி-யை மாட்டிப் போயிருந்தால் அதைக் கண்தான் பிடிக்க வேண்டும்.

நுனிநாக்கில் இருக்க வேண்டியவை:

- டெஸ்டரை மின்சாரம் உள்ள இடத்தில் சரிபார்த்து, வேலை செய்யும் இடத்தில் மின்சாரம் இல்லை என்று சோதித்து, டெஸ்டரை மறுபடி சரிபார்ப்பது. ஐசொலேட்டருக்குப் பூட்டு, சாவி உங்கள் பையில்.
- இன்சுலேஷன் சோதனை: 230/400 வோல்ட் சர்க்யூட்டுக்கு 500 வோல்ட் டி.சி., குறைந்தது 1 மெகாஓம். சர்ஜ் அரெஸ்டரை (திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் கருவி) கழற்ற வழியில்லை என்றால் 250 வோல்ட். 1 மெகாஓம் மாறாது.
- 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.டி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்): அதே அளவு கசிவில் 300 மில்லிவினாடிக்குள், ஐந்து மடங்கில் 40-க்குள் விழ வேண்டும்.
- இறுதிச் சர்க்யூட் (சாக்கெட், விளக்குக்கு நேராகப் போவது), 230 வோல்ட், பழுது வந்தால் துண்டிக்க வேண்டிய நேரம்: டி.என். அமைப்பில் (எர்த் மின் வழங்கலின் எர்த்தோடு வயரால் சேர்ந்தது) 0.4 வினாடி, டி.டி.யில் (கட்டடத்துக்குத் தனி எர்த்) 0.2.

கூட்ட அரங்கு ஒரு பொதுக் கட்டடம் என்பதை மறந்துவிடாதீர்கள். உள்ளே இருப்பவருக்கு மெயின் எங்கே என்று தெரியாது, பல பேருக்கு வெளியேறும் வழியே தெரியாது. அதனால் அவசர விளக்கைச் சோதிக்க மெயினை நிறுத்திப் பார்த்தால் மட்டும் போதாது. நடைவழி விளக்குச் சர்க்யூட் ஒன்றை மட்டும் நிறுத்துங்கள். அப்போதும் அந்த இடத்தில் அவசர விளக்கு எரிய வேண்டும்.

நான் நிதானமாக வேலை செய்கிற ஆள், அதனால் இந்த வழி எனக்கு ஒத்துவந்தது. வேகமானவர்கள் டி.பி.யில் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் பார்த்துப் பழகுங்கள், எதுவும் விட்டுப்போகாது.

அறிக்கையில் “எர்த் சரியில்லை” என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. “மேடைக்கு இடப்புற சாக்கெட்டில் எர்த் தொடர்ச்சி இல்லை, பழுது வந்தால் கருவியின் உலோக உடலில் மின்சாரம் நிற்கும், உடனே துண்டிக்க வேண்டும்” என்று எழுதுங்கள். இடம், கண்டது, ஆபத்து, அவசரம் நான்கும் வேண்டும்.

பார்க்க முடியாமல் போன இடங்களுக்கான பத்தியைப் பலர் காலியாக விடுகிறார்கள். பூட்டிய அறை, திறக்க முடியாத ஃபால்ஸ் சீலிங், நிறுத்த அனுமதி கிடைக்காத சர்க்யூட் எல்லாம் அதில் காரணத்தோடு வரட்டும். காலியாக இருந்தால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக நீங்கள் கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும். நேர்முகத்தில் என்னிடம் அதிகம் கேட்டது இந்தப் பத்தியைப் பற்றித்தான்.