எந்த நாள் வர மாட்டீங்க?

நான்காவது செமஸ்டரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் 16 வாரம் இன்டர்ன்ஷிப் செய்தேன். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலையில் வாசிக்கக் கற்றுத்தரும் சின்ன அமைப்பு அது. இதற்குத் தயாராகும் மாணவர்கள் சிலர் என்னிடம் விவரம் கேட்டார்கள், அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

இடம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. 11 அமைப்புகளுக்கு மெயில் போட்டேன். சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே ஆசை என்று ஒரே கடிதம், மேலே பெயரை மட்டும் மாற்றி. ஒரு பதிலும் வரவில்லை. சீனியர் அக்கா ஒருவர் அதைப் படித்துவிட்டு, "இதுல நீ என்ன செய்வேன்னு எங்கேயுமே இல்லையே" என்றார். உண்மைதான். மறுபடி நான்கே வரியில் எழுதினேன்: புள்ளியியல் படிக்கிறேன், எக்செல் நன்றாக வரும், செவ்வாய், வெள்ளி மாலை 4 முதல் 7 வரை வர முடியும், 16 வாரம் இருப்பேன். இந்தத் தடவை இரண்டு இடங்களிலிருந்து கூப்பிட்டார்கள். ஒன்றில் என் வேலையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டதற்கு, "வாங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள். இன்னொன்றில் பொறுப்பாளர் யார், என்ன வேலை, போக்குவரத்துச் செலவைத் தருவார்களா, முடிவில் சான்றிதழ் உண்டா என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதியே கொடுத்தார்கள். அங்கேயே சேர்ந்தேன்.

நேர்காணலில் ஒருங்கிணைப்பாளர் அக்கா முதலில் கேட்டது, "நீங்க எந்த நாள் வர மாட்டீங்க?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எல்லா நாளும் வருவேன் என்றேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்று அடுத்த கேள்விக்குப் போனார்.

முதல் நாள் குழந்தைப் பாதுகாப்பு விதிகளில் கையெழுத்து வாங்கினார்கள். பிள்ளைகளோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, போன் நம்பர் வாங்கவோ கொடுக்கவோ கூடாது, தனிப்பட்ட பரிசு கூடாது, அனுமதியில்லாமல் படம் எடுக்கக் கூடாது. நம்மை நம்பவில்லையோ என்று மனசு கொஞ்சம் வாடியது. ஐநாவின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 16ஆவது பிரிவே குழந்தையின் தனியுரிமையைப் பற்றியதுதான் என்று அக்கா சொன்னபோது, அதுவரை அப்படி ஒன்றை நான் யோசித்ததே இல்லை என்பது உறைத்தது. பிள்ளைகளோடு எடுத்த படத்தைப் போட்டு 'சேவை' என்று எழுதுவதை நானும் விரும்பிப் பார்த்தவள்தான். அந்தப் பிள்ளையிடம் யாராவது கேட்டார்களா என்று ஒரு முறைகூடத் தோன்றியதில்லை.

பாடம் எடுக்கப் போகிறேன் என்று நினைத்துப் போனேன். கையில் கொடுத்தது வருகைப் பதிவேடுகள். மூன்று தடித்த நோட்டு, ஆறு மாதக் கணக்கு, எல்லாவற்றையும் எக்செலில் ஏற்ற வேண்டும். முதல் இரண்டு வாரம் சலிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் ஒன்று கண்ணில் பட்டது. ஒரே பையனின் பெயர் ஒரு நோட்டில் முதலெழுத்தோடு இருந்தது, இன்னொன்றில் முதலெழுத்து இல்லாமல், மூன்றாவதில் வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரில். வந்து போன தன்னார்வலர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தார்கள். அம்மா பெயரையும் வகுப்பையும் வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்ததில் 64 பிள்ளைகள் என்று இருந்தது 51 ஆனது. ஆனால் ஒழுங்காக வராத பிள்ளைகள் என்று நாங்கள் நினைத்திருந்த சிலர் உண்மையில் தவறாமல் வந்தவர்கள்; அவர்கள் வருகைதான் மூன்று பெயர்களில் சிதறிக் கிடந்தது.

சிக்கல் என்னவென்றால், 64 என்ற எண் நன்கொடையாளருக்கு ஏற்கெனவே போய்விட்டது. பயந்து பயந்துதான் அக்காவிடம் சொன்னேன். அவர் கணினியில் நான் போட்ட பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், இரண்டு பெயர்களைச் சந்தேகப்பட்டுக் கேட்டார், பிறகு அன்று மாலையே திருத்திய எண்ணோடு கடிதம் எழுதினார். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தைப் படித்த அந்தக் கால் மணி நேரத்தில் கற்றது எனக்கு எந்த வகுப்பிலும் கிடைத்ததில்லை. அன்றே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் கொடுத்தோம், இனி பெயரை எப்படி எழுதினாலும் எண் மாறாது.

நான்காவது வாரத்திலிருந்து வாசிப்புக்கும் உட்கார வைத்தார்கள். எழுத்து, சொல், பத்தி, கதை என்று நான்கு நிலை; எந்தப் பிள்ளை எதில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு பையன் படக்கதையைக் கடகடவென்று வாசித்தான். கதை நிலை என்று குறிக்கப் போனேன். ஆனால் அவன் விரல் வரியோடு நகரவில்லை, கண் படத்திலேயே இருந்தது. ஓர் அட்டையால் படத்தை மறைத்தேன். அப்படியே நின்றுவிட்டான். மூன்றாவது சொல்லை எழுத்துக் கூட்டக்கூட வரவில்லை. யாரோ வாசிக்கக் கேட்டு மொத்தக் கதையையும் மனப்பாடம் செய்திருக்கிறான். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை! அவனோடு எழுத்திலிருந்து தொடங்கினேன்.

ஒன்பதாவது வாரம் எனக்கு இன்டர்னல் பரீட்சை. செவ்வாயும் போகவில்லை, வெள்ளியும் போகவில்லை, சொல்லவும் இல்லை. அடுத்த வாரம் போனபோது அந்தப் பையன் என் பக்கம் வரவே இல்லை. இரண்டு நாளும் புத்தகத்தோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்தானாம், வேறு யாரோடும் படிக்க மாட்டேன் என்றானாம். அக்கா கோபப்படவில்லை. "அதனாலதான் முதல் நாளே கேட்டேன்" என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, ஐநா 1985இல் அறிவித்த சர்வதேசத் தன்னார்வலர் நாளான டிசம்பர் 5 பற்றிப் பேச்சை எடுத்தார். அன்றைக்கு வரும் தன்னார்வலர்களுக்கு உட்கார இடம் இருக்காதாம், அடுத்த வாரம் பாதிப் பேர்கூட வர மாட்டார்களாம். யார் வருவார், யார் வர மாட்டார் என்று பிள்ளைகள் நம்மைவிட நன்றாகக் கணக்கு வைத்திருப்பார்கள் என்றார். அவன் மறுபடி என் பக்கத்தில் வந்து உட்கார மூன்று வாரம் ஆனது.

கல்லூரியில் வாரம் ஒரு பக்கம் டைரி எழுதச் சொல்லியிருந்தார்கள். செய்தது, அதைப் பற்றி யோசித்தது, அதிலிருந்து புரிந்தது, அடுத்து செய்து பார்க்கப் போவது என்று நான்கு பகுதி. டேவிட் கோல்ப் 1984இல் எழுதிய அனுபவவழிக் கற்றல் சுழற்சி இதுதான் என்று பேராசிரியர் சொன்னார். முதலில் ஒப்புக்கு எழுதினேன். ஒன்பதாவது வாரத்துப் பக்கத்தை எழுத மட்டும் இரண்டு இரவு ஆனது.

கிளம்பும் வேலையை 13ஆவது வாரமே தொடங்கினோம். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி, சுவர் நாள்காட்டியில் என் கடைசி நாளைச் சிவப்பில் வட்டமிட்டோம். எனக்கு அடுத்து வரும் மாணவியைக் கடைசி இரண்டு வாரம் என்னோடேயே உட்கார வைத்தார்கள். அவளுடைய பரீட்சைத் தேதிகளைக் கேட்டு வாங்கி அதே நாள்காட்டியில் நீலத்தில் குறித்தேன். ஒப்படைப்புக் குறிப்பு நான்கு பக்கம் வந்தது, முக்கால்வாசி பிள்ளைகளைப் பற்றித்தான். அந்தப் பையன் இப்போது பத்தி வரை வந்திருக்கிறான், கதைக்கு இன்னும் வரவில்லை. அவன் எண்ணுக்கு நேரே, படத்தை அட்டையால் மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லவும், வராத நாளை அவனிடம் முதல் நாளே சொல்லவும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.