மலை ஏறும்போது மட்டும் கார் சத்தம் போட்டால்

போடியிலிருந்து போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். லோயர் கேம்ப்பில் தொடங்கும் குமுளி ஏற்றமும் வண்டியைச் சும்மா விடாது. சின்னமனூர், கம்பம் சமவெளியில் அமைதியாக ஓடிய கார் இங்கே வந்து ஆக்சிலேட்டரை மிதித்ததும் கடகடக்கும், உறுமும், அதிரும். ஊகத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றினால் பணம்தான் கரையும். சத்தம் இன்ஜின் சுற்றோடு வருகிறதா, சக்கரத்தின் வேகத்தோடு வருகிறதா, பாரம் விழும்போது மட்டும் வருகிறதா என்று முதலில் பிரித்துவிட வேண்டும்.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் மெல்ல 3000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) வரை ஏற்றுங்கள். சத்தம் வந்தால் இன்ஜின், பெல்ட், சைலன்சர் பக்கம் தேடலாம். வராவிட்டால் கூடலூர் - கம்பம் மாதிரி சமமான, ஆள் நடமாட்டம் குறைந்த ரோட்டில் 50 கி.மீ. வேகத்தில் போய் நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். அப்போதும் சத்தம் தொடர்ந்தால் டயர் அல்லது வீல் பேரிங். உடனே நின்றுவிட்டால் பாரத்தில் வரும் சத்தம். மலை இறக்கத்தில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அங்கே இன்ஜின் பிடிப்பு இல்லாமல் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

பெட்ரோல் வண்டியில் அதிகம் கேட்கும் மலைச்சத்தம் நாக்கிங். டப்பாவில் பொடிக்கல்லைக் குலுக்குவதுபோல, ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும் நேரத்தில் மட்டும் வரும். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த நெருப்பு பரவி வருவதற்குள், சிலிண்டர் ஓரத்தில் மிஞ்சிய கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடிப்பதால் வருகிற சத்தம் அது. முக்கால்வாசிக் காரணம் ஓட்டும் விதம்தான்: நாலாவது கியரில் 1200 ஆர்.பி.எம்.மில் திணறும் இன்ஜினை முழுக்க மிதிப்பது. கியரைக் குறைத்து 2000-க்கு மேல் வைத்து ஏறுங்கள். அப்படியும் கேட்டால் கூலன்ட் அளவு, ரேடியேட்டர் ஃபேன், பிளக் சரியான ரகமா, உள்ளே கார்பன் படிந்திருக்கிறதா, நாக் சென்சார் என்ற வரிசையில் பாருங்கள். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாள்பட்ட நாக்கிங் பிஸ்டனின் ரிங் பள்ளத்தை உடைத்துவிடும்.

அடுத்தது ஆக்ஸில், அதாவது கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு. முன் சக்கர டிரைவ் கார்களில் ஒவ்வொரு பக்கமும் உள் ஜாயின்ட், வெளி ஜாயின்ட் என்று இரண்டு உண்டு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெல்ல நகரும்போது டக் டக் என்று அடித்தால் வெளி ஜாயின்ட். கொண்டை ஊசி வளைவில் இதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். நேராக ஏறும்போது தரையும் சீட்டும் அதிர்ந்து, காலை எடுத்ததும் நின்றால் உள் ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம். இதற்குப் பலர் வீல் பேலன்ஸிங் செய்து ஏமாறுகிறார்கள். பேலன்ஸ் கெட்ட சக்கரம் பெரும்பாலும் 80 கி.மீ.க்கு மேல்தான் ஆட்டும், மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஆட்டும்.

ஜாயின்ட்டைக் கொல்வது பெரும்பாலும் அதை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிவதுதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஏலத்தோட்டப் பாதைகளின் சேறும் கல்லும் மடிப்புகளில் ஏறி ரப்பரை அறுக்கும். கிரீஸ் வெளியே சிதறும், தண்ணீர் உள்ளே போகும். சக்கரத்தின் உள்விளிம்பில் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் அதுதான் அடையாளம். சத்தம் வருவதற்குள் பிடித்துவிட்டால் பூட் கிட் போதும்: பழைய கிரீஸை முழுக்கத் துடைத்து, கிட்டோடு வரும் மாலிப்டினம் கிரீஸ் பாக்கெட்டை மிச்சமில்லாமல் நிரப்பி, புதுக் கிளாம்ப் போட வேண்டும். சாதாரண வீல் பேரிங் கிரீஸ் இதற்கு ஆகாது. டக் டக் தொடங்கிய பிறகு ஜாயின்ட்டுக்குள் குண்டுகள் ஓடும் பள்ளம் தேய்ந்துவிட்டிருக்கும், ஜாயின்ட்டையே மாற்ற வேண்டியதுதான். ஆக்ஸிலைக் கியர்பாக்ஸிலிருந்து உருவினால் ஆயில் ஒழுகும். ஆயில் சீலைப் புதிதாகப் போட்டு, அளவைச் சரிபார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். ஹப் நட்டும் புதிது வேண்டும், இறுக்கம் அந்த வண்டியின் மேனுவல் சொல்கிறபடி.

மிதிக்கும்போது ஒரு ‘டொம்’, காலை எடுக்கும்போது இன்னொரு ‘டொம்’ என்றால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர்களான இன்ஜின் மவுண்டிங். பானெட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் போட்டு, முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சமே விடுங்கள். பிறகு ரிவர்ஸில் அதே போல. இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும், வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. இன்ஜின் ஓர் அங்குலத்துக்கு மேல் துள்ளினால் ஏதோ ஒரு ரப்பர் போய்விட்டது. பெரும்பாலும் கீழே இருந்து இன்ஜின் துள்ளாமல் பிடிக்கும் டார்க் ராட் ரப்பர்தான் முதலில் கிழியும், விலையும் குறைவு, அதையே முதலில் பாருங்கள்.

பெல்ட் கீச்சிட்டால் ஓடும் பெல்ட்டின் பல் பக்கத்தில் கை படாமல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் சற்று நேரம் அடங்கினால் புல்லி நேர்கோட்டில் இல்லை. கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, டென்ஷனரைப் பாருங்கள்.

குறிப்பிட்ட ஒரு ஆர்.பி.எம்.மில் மட்டும் தகரம் நடுங்கினால் சைலன்சரின் வெப்பத் தகடு. வண்டி ஆறிய பிறகு தட்டிப் பார்த்து, ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளாம்ப்பால் இறுக்கினால் முடிந்தது.

டர்போ டீசலில் ‘உஸ்’ஸென்று காற்றிரைச்சல் கேட்டு, இழுவை குறைந்து, கறும்புகையும் வந்தால் டர்போவை இறக்குவதற்கு முன், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைத் தடவிப் பாருங்கள். விரிசல் இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். ஹோஸின் அடிப்பக்கம்தான் பெரும்பாலும் கிழிகிறது, மேலிருந்து பார்த்தால் தெரியாது.

தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளுக்கு வேறு கணக்கு. பின் சக்கர டிரைவ் என்பதால், கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சிலுவை வடிவ இணைப்பான கிராஸ் தேயும். முதல் கியரில் கிளட்சை விட்டதும் ‘டங்’ என்று உலோகச் சத்தம் வரும். சமதரையில் சக்கரங்களுக்குக் கல் வைத்து, நியூட்ரலில் ஷாஃப்ட்டைக் கையால் முன்னும் பின்னும் திருகினால் கிராஸில் ஆட்டம் தெரியும். கிராஸ் மூடியைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருத்தூள் இருந்தால் உள்ளே கிரீஸ் வறண்டுவிட்டது. கிரீஸ் அடிக்கும் நிப்பிள் உள்ள கிராஸாக இருந்தால், நாலு மூடியிலும் புதுக் கிரீஸ் பிதுங்கும் வரை அடியுங்கள். ஒரு மூடியில் வராவிட்டால் அந்தப் பக்கம் அடைத்திருக்கிறது, கிராஸை மாற்றுங்கள். ஏறும்போது மட்டும் பின்னாலிருந்து ‘ஙொய்ய்’ என்று ஊளை வந்து, இறக்கத்தில் கியரில் வரும்போது மாறினாலோ மறைந்தாலோ அது கிரௌன் பினியன், அதாவது பின் ஆக்ஸிலின் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி. கழற்றுவதற்கு முன் டிஃபரன்ஷியல் ஆயில் அளவைப் பாருங்கள். பினியன் சீல் கசிந்து ஆயில் குறைந்திருந்தால், சீலை மாற்றி ஆயிலை நிரப்பிய பிறகுதான் அடுத்த ஏற்றம்.