எல்லாமே சிவப்பாக இருந்தால் எதை முதலில் எடுப்பது?

எந்த டாஸ்க் ஆப்பைத் திறந்தாலும் நான் முதலில் பார்ப்பது, ஒரே நேரத்தில் எத்தனை வேலைகளை 'மிக அவசரம்' என்று போட விடுகிறது என்பதைத்தான். பெரும்பாலான ஆப்களில் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சொந்தத் தோட்டம் கிடையாது, சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரி. குன்னூர் ஏலத்துக்கு சாம்பிள் அனுப்புவது, மாதாமாதம் டீ போர்டு அறிவிக்கும் இலை விலையைக் கணக்கில் ஏற்றுவது, விவசாயிகளுக்குப் பணம் போடுவது, இலையை வெட்டித் தூளாக்கும் சிடிசி ரோலரைச் சாணை பிடிக்க எடுத்து வைப்பது என்று எல்லாமே ஒரு ஆப்பில்தான் இருந்தது. மிக அவசரம் என்று போட்டால் அதில் சிவப்பாகக் காட்டும், கொஞ்ச நாளிலேயே பட்டியல் முழுக்கச் சிவப்பு. மெஷின் பார்க்கும் அண்ணனிடம் கேட்டால், "எல்லாமே அவசரம்தான் தம்பி, எதைக் குறைக்கச் சொல்றே?" என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான், தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அவசரமே. ஆனால் 'இதுவா, அதுவா' என்ற கேள்வியை அந்த ஆப் யாரிடமும் கேட்கவே இல்லை.

இதை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது. டூடூயிஸ்ட் என்ற டாஸ்க் ஆப்பில் பி1 முதல் பி4 வரை நான்கு நிலைகள், நாம் எதுவும் தொடாவிட்டால் பி4, அதாவது கடைசி. இது எனக்குப் பிடித்திருக்கிறது, ஒரு வேலையை மேலே ஏற்ற வேண்டுமானால் யாராவது யோசித்து ஏற்றியாக வேண்டும். (அதன் ஏபிஐயில், அதாவது வேறு மென்பொருள் அதிலிருந்து தகவல் எடுக்கும் வழியில், எண் தலைகீழ், திரையில் பி1 என்பது அங்கே 4 என்று வரும். ஷீட்டில் இணைத்து வரிசைப்படுத்துபவர்கள் கவனிக்கவும்.) அலுவலகக் குழுக்கள் வேலைகளைப் பதிந்து வைக்கும் ஜிராவில் வழக்கமாக ஹையஸ்ட் முதல் லோயஸ்ட் வரை ஐந்து, தொடாவிட்டால் மீடியம். இதனால் மீடியம் என்று கிடக்கும் வேலையை யாராவது யோசித்து அப்படிப் போட்டார்களா, இல்லை அப்படியே விட்டுவிட்டார்களா என்று கண்டுபிடிக்க வழியில்லை. காலண்டர் தகவல் பரிமாற்றத்துக்கான ஐகேலண்டர் தரத்தில் இதை அழகாகப் பிரித்திருக்கிறார்கள்: 1 மிக உயர்ந்தது, 9 மிகத் தாழ்ந்தது, 0 என்றால் இன்னும் முடிவு செய்யவில்லை.

டாஸ்க்வாரியர் என்று டெர்மினலில், அதாவது கட்டளைகளை டைப் செய்து இயக்கும் திரையில், ஓடும் இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. அது நாம் போடும் முன்னுரிமையை ஒரு காரணமாக மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதையும் கூட்டி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அவசர மதிப்பெண் போடுகிறது. உயர் முன்னுரிமைக்கு 6. கெடு நெருங்க நெருங்க ஏறி, தாண்டிய பிறகும் ஏறி, அதிகபட்சம் 12. இன்னொரு வேலையைத் தடுத்துக்கொண்டு நிற்கும் வேலைக்கு 8. இன்னொன்று முடியக் காத்திருக்கும் வேலைக்கு 5 குறையும். இதெல்லாம் அதில் முன்கூட்டியே வைத்திருக்கும் கணக்கு, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்.

இதை எங்கள் ரோலர் வேலைக்குப் போட்டுப் பார்த்தேன். சாணை பிடிப்பதற்குக் கெடு தேதி கிடையாது, அதை யாரும் உயர் முன்னுரிமை என்று போடுவதும் கிடையாது. ஆனால் ரோலர் மழுங்கினால் இலை சரியாக வெட்டுப்படாது, தூளின் தரம் இறங்கும், ஏலத்தில் விலை இறங்கும், இலைப் பணம் வரை அது போய் இடிக்கும். நல்ல சாம்பிள் போவதையே தடுத்துக்கொண்டு நிற்கும் வேலை இது. நிறத்தை மட்டும் காட்டும் ஆப்பில் கடைசி வரை அடியிலேயே கிடக்கும்.

மறுபக்கமும் உண்டு. ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் லோடு லாரி இறங்காது. 'லோடு அனுப்பு' என்ற வேலை அன்று முழுக்கச் சிவப்பாக உச்சியில் உட்கார்ந்திருக்கும், யாராலும் எதுவும் செய்ய முடியாது. அதற்கு வேண்டியது 'காத்திருக்கிறது' என்ற ஒரு நிலை, அது முன்னுரிமையிலிருந்து தனியாக இருக்க வேண்டும். கெடுவும் தனியாகத்தான் இருக்க வேண்டும். மூன்றையும் ஒரே நிறத்துக்குள் திணித்தால் காலையில் பட்டியலைப் பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

பச்சைத் தேயிலையை மட்டும் எந்தப் பட்டியலிலும் போட வேண்டாம். மூட்டையில் அடைத்தபடி கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும், வந்த உடனே வாட்டும் தொட்டியில் பரப்ப வேண்டும், அதற்கு ஆப் எதற்கு?

அலுவலகத்தில் எல்லோரையும் டெர்மினலில் உட்கார வைக்க முடியாது என்பதால் இப்போது வேலைகளைக் கார்டுகளாக அடுக்கும் ட்ரெல்லோ ஆப்பில் ஒரே வரிசை வைத்திருக்கிறோம். லேபிள் எதுவும் ஒட்டுவதில்லை, மேலே இருக்கும் கார்டுதான் முதல் வேலை, ஒன்றை மேலே இழுத்தால் இன்னொன்று கீழே இறங்கியே ஆக வேண்டும். இப்போது அண்ணனே வந்து, "சாம்பிளை இறக்கு, ரோலரை மேல போடு" என்கிறார், அப்புறம் ஏலம் பார்ப்பவர் வந்து சண்டை போடுகிறார். அந்தச் சண்டை நடக்கத்தான் வேண்டும். ஜிராவை விட்டு வர முடியாத அலுவலகங்களில் இருப்பவர்கள், தொடாத வேலைக்கு மீடியம் விழுவதையாவது அட்மினிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், அதற்கு அதில் வசதி இருக்கிறது.