சிக்மகளூர் கப்பிங் மேசையில் ஆறின காபி

ஆறிப்போன காபிக்கு நம் வீடுகளில் மரியாதை கிடையாது. மறுபடி சூடு பண்ணுவோம், இல்லையென்றால் சிங்கில் ஊற்றிவிடுவோம். சிக்மகளூர்ப் பக்கம் காபித் தோட்டத்தில் தங்கி, அங்கே நடக்கும் கப்பிங் என்ற ருசிச் சோதனையில் உட்காரப் போகிறவர்கள் இந்தப் பழக்கத்தை ஒரு மணி நேரத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். கோப்பை வெதுவெதுப்புக்கு இறங்கிய பிறகுதான் அந்த மேசையில் கொட்டையின் குணமும் குறையும் வெளியே வரும். அதற்கு முன்பே பலர் எழுந்துவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

கப்பிங் என்பது காபி வியாபாரத்தின் அன்றாட வேலை. தூளைக் கோப்பையிலேயே போட்டு, வெந்நீர் ஊற்றி, வடிகட்டாமல், பாலும் சர்க்கரையும் சிக்கரியும் சேர்க்காமல், நாலைந்து வகைக் கொட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்து ருசி பார்ப்பார்கள். விலை பேசுவதற்கு முன் வாங்குபவரும் விற்பவரும் செய்வது இது. சுற்றுலா வருகிறவர்களுக்கும் இதையே சுருக்கி நடத்துகிறார்கள். ஆனால் ‘காபி டேஸ்டிங்’ என்று போட்டிருப்பதெல்லாம் கப்பிங் இல்லை. சில இடங்களில் தயாராக வடித்த காபி மூன்று டம்ளர் கொடுத்து, கடைசியில் பாக்கெட் விற்பார்கள். அதில் தவறொன்றும் இல்லை, கற்றுக்கொள்ள மட்டும் அதிகம் இருக்காது. முன்பதிவு செய்யும்போதே மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை சாம்பிள் வைப்பீர்கள்? எல்லாம் ஒரே அளவு ரோஸ்டா? கோப்பைக்கு எத்தனை கிராம் போடுகிறீர்கள்? மூன்றாவதற்கு உடனே பதில் வந்தால் நம்பிப் போகலாம்.

எப்போது போவது என்பதும் முக்கியம். காபியின் இரண்டு முக்கிய இனங்களில் அரபிகா பழம் பறிப்பது நவம்பரிலிருந்து ஜனவரி வரை, ரொபஸ்டா அதற்குப் பின்னால். பழத்தோலை உரிக்கும் பல்பர் எந்திரம் ஓடுவதையும் களத்தில் காய்வதையும் பார்க்க ஆசை இருந்தால் அந்த மாதங்களில் போங்கள். ருசிதான் குறி என்றால் பிப்ரவரி கடைசிக்கு மேல் போவது நல்லது. புதிதாகக் காய்ந்த கொட்டையில் ஒரு பச்சை வாடை இருக்கும், அது அடங்கச் சில வாரங்கள் பிடிக்கும். மார்ச், ஏப்ரலில் மொட்டை மலரவைக்கும் ‘பூ மழை’ பெய்து செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும் சில நாள் வாய்த்தால் அது தனி அதிர்ஷ்டம். மல்லிகைக்கு மிக நெருக்கமான வாசனை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழையும் அட்டையும்தான்.

கப்பிங்கில் நாக்குக்குச் சமமாக மூக்குக்கு வேலை உண்டு. அன்று காலை செண்ட், வாசனைத் தைலம், தலையில் மல்லிப்பூ எதுவும் வேண்டாம். உங்கள் மூக்குக்கு மட்டுமில்லை, பக்கத்தில் நிற்பவருக்கும் அது தொல்லை. பல் விளக்கி ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும், பேஸ்ட்டின் புதினா நாக்கை மரக்க வைத்துவிடும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இட்லி, வாழைப்பழம் போதும். பூண்டு, வெங்காயச் சட்னி, ஊறுகாய், பீடா எல்லாம் மதியத்துக்கு.

இனி மேசை. உலகம் முழுக்கப் பின்பற்றும் அளவு 100 மில்லி தண்ணீருக்கு 5.5 கிராம் தூள், அதாவது 150 மில்லி கோப்பைக்கு 8.25 கிராம். முறையான கப்பிங்கில் ஒரு சாம்பிளுக்கு ஐந்து கோப்பை வைப்பார்கள். ஒரே ஒரு கெட்ட கொட்டை ஒரு கோப்பையை மட்டும் கெடுக்கும், ஐந்தையும் பார்த்தால்தான் அது அகப்படும். சுற்றுலாக் கப்பிங்கில் இரண்டு கோப்பை இருந்தாலே நல்லது. ஒவ்வொரு கோப்பைக்கும் கொட்டையைத் தனியாக எடைபோட்டுத் தனியாக அரைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ரோஸ்ட் இளம்பழுப்பாக இருக்க வேண்டும். கருக வறுத்தால் எல்லாக் கொட்டையும் ஒன்றுபோலக் கசக்கும், தோட்டத்தின் ருசி மறைந்துவிடும். வறுத்து எட்டு மணி நேரமாவது ஆறியிருக்க வேண்டும். தூள் நம் ஃபில்டர் தூளைவிடக் கரகரப்பாக, ரவை போல இருக்கும்.

அரைத்த கையோடு முதல் வேலை முகர்வது. கோப்பையைத் தட்டிக் கிளறி மூக்கைக் கிட்டே கொண்டுபோங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் விட்டால் வாசனையில் பாதி பறந்துவிடும். அடுத்து 93 டிகிரி வெந்நீர். சிக்மகளூர் ஊரே ஆயிரம் மீட்டருக்கு மேலே இருப்பதால் அங்கே தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். இறக்கி, கொதி அடங்கி, ஒரு நிமிடம் கழித்து ஊற்றினால் சரியாக வரும். தூள் முழுதும் நனையும்படி ஒரே மூச்சில் விளிம்பு வரை ஊற்றி, நாலு நிமிடம் கோப்பையைத் தொடாமல் விட வேண்டும்.

இந்த நாலு நிமிடத்தில் தூள் மேலே எழும்பி, பால்மேல் ஆடை படிவதுபோல் கெட்டியாக ஆடை கட்டும். வறுத்த கொட்டைக்குள் அடைபட்ட கரியமில வாயுதான் அதைத் தூக்கி நிறுத்துவது. ஆடை கட்டாமல் தூள் அடியில் தங்கினால் ரோஸ்ட் பழையது, அல்லது தண்ணீரில் சூடு போதவில்லை. நாலாவது நிமிடம் ஆடையை உடைக்கும்போது தயங்காமல் மூக்கைக் கோப்பைக்கு மேலேயே வையுங்கள். கரண்டியின் முதுகால் மூன்றே முறை மெல்லப் பின்னுக்குத் தள்ளினால் போதும். அப்போது எழும் ஆவிதான் அந்த ஒரு மணி நேரத்தில் மிக வலுவான வாசனை, சில வினாடிதான் இருக்கும். படம் எடுக்க ஃபோனைத் தேடினால் அது போய்விடும். கரண்டியை அடிவரை விட்டுக் கலக்காதீர்கள். அடியில் தங்கிய தூள் மறுபடி மிதந்தால் அந்தக் கோப்பை மட்டும் துவர்த்துக் கசக்கும், பழி கொட்டையின்மேல் விழும். பிறகு இரண்டு கரண்டிகளால் நுரையை வழித்து எடுத்துவிடுவார்கள்.

வெந்நீர் ஊற்றி எட்டு, பத்து நிமிடம் கழித்து, சூடு 70 டிகிரிக்கு இறங்கியதும் ருசிக்கத் தொடங்கலாம். கரண்டியில் முக்கால் பங்கு எடுத்து, உதட்டோரம் வைத்து, சர்ரென்று சத்தம் வர உறிஞ்ச வேண்டும். வீட்டில் இப்படிக் குடித்தால் திட்டு விழும், இங்கே இதுதான் சரியான முறை. காற்றோடு சேர்த்து இழுக்கும்போது காபி பொடிச்சாரலாகி நாக்கு முழுக்கப் பரவும், தொண்டையின் பின்வழியாக வாசனை மூக்குக்கு ஏறும். டம்ளர் உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளும் நம் வழக்கத்தில் இந்த வாசனை கிட்டத்தட்ட முழுசாகத் தப்பிவிடுகிறது. ஒவ்வொரு கோப்பைக்கும் நடுவே கரண்டியை வெந்நீரில் அலசுங்கள். எல்லாரும் ஒரே கோப்பையில் கரண்டி விடுவது பிடிக்கவில்லையென்றால், பொதுக் கரண்டியால் மொண்டு உங்கள் கரண்டியில் ஊற்றச் சொல்லிக் கேட்கலாம். இப்போது பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

துப்புவதற்கும் கூச்சப்பட வேண்டாம், அதற்கென்றே ஒரு கோப்பை இருக்கும். 8.25 கிராம் அரபிகாவில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் காஃபீன். ரொபஸ்டாவில் ஏறக்குறைய இரட்டிப்பு. முப்பது கரண்டியையும் விழுங்கினால் மலைப்பாதையில் இறங்கும்போது கை நடுங்கும்.

நம் ஊர்க்காரர்கள் மேசையில் அதிகம் தடுமாறுவது புளிப்பில். ‘காபி புளிக்கிறது’ என்றால் நமக்குப் பால் திரிந்துவிட்டது என்று அர்த்தம். இங்கே நல்ல புளிப்புக்குத்தான் மதிப்பு. எதுபோன்ற புளிப்பு என்று கேட்டுக்கொண்டால் வழி கிடைக்கும். சாத்துக்குடியா, நார்த்தங்காயா, பழுத்த புளியா, பச்சை மாங்காயா? இவையெல்லாம் நல்ல பக்கம். காடி வாடையோடு தொண்டையைப் பிடித்தால் நொதிப்பு எல்லை தாண்டிவிட்டது. ருசிச் சக்கரம் என்று ஒரு வண்ணப்படத்தை நீட்டுவார்கள், அதில் ப்ளூபெர்ரியும் பீச்சும் இருக்கும். சாப்பிட்டுப் பழகாத பழத்தின் பெயரைக் கடன் வாங்கி எழுதுவதில் பயனில்லை. வெல்லம், பனங்கற்கண்டு, நன்னாரி, ஏலம், சுக்கு, வறுத்த நிலக்கடலை, பச்சைப் பட்டாணி, நனைந்த சாக்கு, அழுகின பலாச்சுளை என்று நம் சமையலறையே ஒரு சக்கரம்தான். தோன்றியதைத் தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள். எல்லாரும் எழுதி முடிக்கும்வரை வாய் திறக்காதீர்கள். ஒருவர் ‘சாக்லேட்’ என்று சொல்லிவிட்டால் அடுத்த பத்துப் பேருக்கும் சாக்லேட்தான் தெரியும். நடத்துபவரே முன்கூட்டிச் சொல்கிற ஆளாக இருந்தால், சாம்பிள் பெயர்களை மறைத்து வைக்கும்படி பணிவாகக் கேளுங்கள்.

என்னென்ன சாம்பிள் இருக்கும்? காபித்தூள் கடைப் பலகையில் பார்த்த பெயர்களே பெரும்பாலும் இங்கும் வரும். பிளாண்டேஷன் என்பது கழுவிப் பதப்படுத்திய அரபிகா. பறித்த அன்றே பல்பரில் தோலுரித்து, வழவழப்பு போக ஒன்றரை நாள்வரை நொதிக்க விட்டு, கழுவிக் காயவைப்பது. ருசி துலக்கமாக, புளிப்பு தெளிவாக இருக்கும். செர்ரி என்றால் பழத்தை அப்படியே காயவைத்தது. இனிப்பும் கனமும் கூடும், கவனம் தப்பினால் பூஞ்சை வாடை ஏறும். பீபெரி என்பது தனிச் செடி இல்லை, பழத்துக்குள் இரண்டு தட்டைக் கொட்டைக்குப் பதிலாக ஒற்றை உருண்டைக் கொட்டை விளைந்தது. எஸ்.795 என்ற பெயர் அநேகமாகக் காதில் விழும். பாலெஹொன்னூரில் உள்ள மத்திய காபி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940களில் வந்த அரபிகா அது, இன்றும் இந்தியத் தோட்டங்களில் நிறைய இருக்கிறது.

மான்சூன்டு மலபார் இருந்தால் அதைக் கடைசியில் வையுங்கள். மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் மழைக்காலம் முழுக்க ஈரக்காற்று படும்படி பரப்பிவைத்த கொட்டை, உப்பி வெளிறிப்போயிருக்கும். புளிப்பு ஏறக்குறைய காணாமல் போய், மண்ணும் மரமும் கலந்த கனமான ருசி வரும். பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் ஐரோப்பா போன கொட்டை வழியில் இப்படித்தான் மாறியது. அந்த ருசிக்குப் பழகியவர்களுக்காகக் கரையிலேயே அதைச் செய்ய ஆரம்பித்தார்கள். இதை முதலில் குடித்துவிட்டால் பின்னால் வரும் பிளாண்டேஷன் வெறும் தண்ணீராகத் தெரியும். கழுவின ரொபஸ்டாவையும் அப்படியே பின்வரிசையில் வையுங்கள், ஆனால் ஒதுக்காதீர்கள். நன்றாகப் பதப்படுத்திய ரொபஸ்டாவின் சுத்தமான கசப்பு பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இப்போது ஆறின கோப்பைக்கு வருவோம். சூடாக இருக்கும்போது ஆவியும் சுடுகிற உணர்வும் நாக்கை ஏமாற்றும். 60 டிகிரிக்குக் கீழே புளிப்பும் இனிப்பும் பிரிந்து தெரியும். உடம்புச் சூட்டுக்கு வரும்போது, அதாவது ஊற்றி அரை மணி நேரம் போல் ஆனபின், ஒளிந்திருந்த குறை எல்லாம் மேலே வரும். பழுக்காத காயைப் பறித்திருந்தால் வறுத்தபின்பும் வெளிறி நிற்கும் கொட்டைகள் கலந்திருக்கும், ஆறினபின் கோப்பையில் காய்ந்த கடலைத்தோல் ருசி அடிக்கும். சாக்கில் நாள்பட்ட கொட்டை சணல் வாடை காட்டும். நல்ல கொட்டை ஆற ஆற வெல்லப்பாகு பக்கம் போகும். ஆகவே குறிப்பேட்டில் ஒவ்வொரு சாம்பிளுக்கும் மூன்று வரி விடுங்கள்: சூடு, வெதுவெதுப்பு, ஆறினது. முதல் வரியில் ஜெயித்த கோப்பை மூன்றாவதில் தோற்பது அடிக்கடி நடக்கும்.

நேரம் இருந்தால் முக்கோணச் சோதனை ஒன்று வைக்கச் சொல்லுங்கள். மூன்று கோப்பையில் இரண்டு ஒரே காபி, ஒன்று வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். வர்ணிக்கத் தெரியாதவரும் இதில் கலந்துகொள்ளலாம், ஒரு குழந்தையின் மூக்கு பெரியவர்களை முந்திவிடவும் கூடும்.

கொட்டை வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மேசையில் மயக்கிய அந்த இளம் ரோஸ்ட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பித்தளை ஃபில்டரில் போட்டுப் பால் ஊற்றினால் நீர்த்துப்போய், புளித்து, ஏமாற்றம்தான் மிஞ்சும். கொட்டையில் குறையில்லை. பாலைத் தாங்க அழுத்தமான வறுப்பும் கனமும் வேண்டும், நம் நாக்கு பழகிய கனத்தில் சிக்கரிக்கும் பங்கு உண்டு. அதே கொட்டையில் ஃபில்டருக்கென்று மீடியம் டார்க் ரோஸ்ட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இளம் ரோஸ்ட்டும் ஒரு கால் கிலோ வாங்கினால் அது பால் இல்லாமல் குடிக்க மட்டும். அரைக்காத கொட்டையாக, ரோஸ்ட் தேதி அச்சிட்ட பையாக இருக்கட்டும்.

வீட்டில் 200 மில்லி டம்ளருக்கு 11 கிராம் என்று எடைபோட்டு இதே கப்பிங்கைத் திரும்பச் செய்யலாம். அங்கே துலக்கமாக இருந்தது இங்கே மந்தமாகப் பட்டால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். போர் தண்ணீரின் காரத்தன்மை புளிப்பை அமுக்கிவிடும். தாது முழுக்கப் போன ஆர்ஓ தண்ணீரில் ருசி தட்டையாகும். கடையில் விற்கும் மினரல் வாட்டர் ஒரு பாட்டில் வாங்கி, இரண்டு டம்ளரையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். மீதிக் கொட்டையைக் காற்றுப் புகாத டப்பாவில் அலமாரியில் வைத்து ஒன்றரை மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், நேற்றைய சாம்பார் வாசனை ஏறிவிடும்.