எலி வாந்தி எடுக்காது: லேப் நாட்குறிப்பு

ஜூன் 3
விண்வெளி கதிர்வீச்சு பட்டா கவனம் எவ்ளோ கெடும்னு எலிய வெச்சு பாக்கப் போறோம், ட்ரெய்னிங் மூணாவது வாரம். எலி ஓட்டைக்கு முன்னாடி நின்னுக்கிட்டே இருக்கும், லைட் எப்ப எரியும்னு அதுக்கு தெரியாது, எரிஞ்ச உடனே மூக்க உள்ள விட்டா ஒரு தீனி உருண்டை. முன்னாடியே விட்டுட்டா அவசரப்பட்டுச்சுன்னு குறிச்சுப்போம், லேட் ஆனா கவனம் போச்சுன்னு குறிச்சுப்போம். விண்வெளி வீரர்களுக்கு வைக்கிற கவன டெஸ்ட்டோட எலி வடிவம் இது. 7ஆம் நம்பர் எலி காத்திருக்கும்போது மீசை கூட ஆடாது, ஒரு முன்னங்கால மட்டும் லேசா தூக்கி வெச்சிருக்கும். அத பாக்குறப்போ எனக்கும் மூச்சு நின்னுடுது.

ஜூன் 6
பழைய அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி எல்லாம் எடுத்து படிச்சேன். அணுகுண்டு கதிர்வீச்சு பட்ட பைலட் எவ்ளோ நேரம் விமானத்த ஓட்டுவார்னு தெரியணும், மனுசன வெச்சு பாக்க முடியாது, அதனால ரீசஸ் குரங்க ஒரு ஆடுற மேடையில கட்டி உட்கார வெச்சு கையில ஜாய்ஸ்டிக் குடுத்துட்டாங்க. மேடைய மட்டமா வெச்சுக்கணும், சாஞ்சா ஷாக். டோஸ் பத்து கிரேய (கிரேங்கறது உடம்பு வாங்குற கதிர்வீச்சோட அலகு) எல்லாம் தாண்டி போகும், சிகிச்சை இல்லன்னா மனுசங்கள்ல பாதி பேர் சாக சுமார் 4 கிரேயே போதும்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. பல குரங்குங்க அஞ்சு பத்து நிமிஷத்துல தடுமாறி வேலைய விட்டுடும், உடம்புல ஹிஸ்டமின்ங்கற வேதிப்பொருள் கொட்டி ரத்த அழுத்தம் சரியுறது இதுக்கு ஒரு காரணம், அப்புறம் அரை மணி நேரத்துக்குள்ள திரும்ப ஜாய்ஸ்டிக்க பிடிச்சுக்கும். சாகப்போற உயிரு, ஷாக்குக்கு பயந்து மேடைய நேரா வெச்சுக்கிட்டு இருக்கு. அதுக்கு மேல படிக்க முடியல, மூடி வெச்சுட்டேன்.

ஜூன் 8
மனசுல ஓடிக்கிட்டே இருந்த ஒரு விஷயம். அந்த குரங்கு காட்டுனது அதால எவ்ளோ முடியும்ங்கறதையா, இல்ல ஷாக்குக்கு எவ்ளோ பயம்ங்கறதையா? ரெண்டும் சேர்ந்துதான் அந்த நம்பர். கதிர்வீச்சு விபத்துல மாட்டுன மனுசங்களுக்கும் ஒரே மாதிரி நடக்கல: 1958ல அமெரிக்காவோட லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூடத்துல ஒரு தொழிலாளி உடனே நிலைகுலைஞ்சு நிக்க முடியாம போய் 35 மணி நேரத்துல இறந்தார், 1964ல அங்கயே ரோட் ஐலண்ட் மாநிலத்துல ஒருத்தர் தானே கட்டடத்த விட்டு ஓடி வெளிய வந்தார், ரெண்டு நாள்ல அவரும் போயிட்டார்.

ஜூன் 12
இன்னிக்கு முழுக்க குமட்டல் பத்திதான். கம்மி டோஸ்ல மனுசன் வேலைய கெடுக்கறது வாந்தியும் அசதியும்தான், சுமார் 2 கிரேலயே பாதி பேருக்கு வாந்தி வரும். ரீசஸ் குரங்குக்கு அதவிட ரெண்டு மடங்கு வேணும். எலிக்கு வாந்தியே எடுக்க வராது, குமட்டுனா களிமண்ண தின்னும். அதான் வாந்திய படிக்க ஃபெரெட்ங்கற கீரி மாதிரி சின்ன பிராணிய எடுத்தாங்க. 1980கள்ல அமெரிக்க ராணுவத்துல வேற வழி பாத்தாங்க, டேங்க், பீரங்கி ஓட்டுறவங்ககிட்ட போய் "இந்த அளவு வாந்தி, இந்த அளவு அசதி இருந்தா இந்த வேலைக்கு எவ்ளோ நேரம் ஆகும்"னு ஃபார்ம் குடுத்து கேட்டு கணக்கு போட்டாங்க. அனுமானம்தான், ஆனா குரங்கால சொல்ல முடியாத "என்னால முடியல"ங்கற வார்த்தை அதுல இருக்கு, எனக்கு அது ரொம்ப முக்கியமா படுது.

ஜூன் 16
கைடுகிட்ட ரொம்ப நேரம் பேசினேன். நாசாவோட கியூரியாசிட்டி ரோவர் செவ்வாய்க்கு போற வழியில அளந்த கதிர்வீச்சு ஒரு நாளைக்கு சுமார் 1.8 மில்லி சீவர்ட் (உடம்புக்கு ஆகுற கெடுதலையும் கணக்குல சேர்க்குற அலகு), மாசக்கணக்கா சொட்டு சொட்டா விழறது, நாம லேப்ல கொஞ்ச நிமிஷத்துல குடுத்துடறோம், ரெண்டும் ஒண்ணாகாது. அதோட விண்வெளி கதிர்வீச்சுல இருக்குற புரோட்டான் துகள் பட்ட எலிங்கள்ல சிலதுக்கு மட்டும் கவனம் நல்லா கெட்டுச்சு, மத்ததுக்கு ஒண்ணுமே ஆகலன்னு ஏற்கனவே பாத்திருக்காங்க. சராசரி போட்டா அந்த சில எலிங்க காணாம போயிடும். விண்கலத்துல போறது நாலு பேர்னா அதுல ஒருத்தர் அந்த மாதிரி ஆளா இருந்தா? அதனால ஒவ்வொரு எலிக்கும் தனி கோடு வரையணும்னு கேட்டேன், சரின்னுட்டார், குமட்டல அளக்க கூண்டுல களிமண் வெக்கலாமான்னு கேட்டதுக்கும் சரின்னுட்டார்.

ஜூன் 17
நாளைக்கு முதல் டோஸ். சாயங்காலம் களிமண் உருண்டைய ஒண்ணொண்ணா எடை போட்டு எழுதி எல்லா கூண்டுலயும் வெச்சுட்டு வந்தேன். 7 வந்து மோந்து பாத்துச்சு, தொடல.